திரும்பிப் போய்க் கேட்டீர்களா?

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இந்த முறை மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு வலி மேலாண்மைப் பாடம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கிடைத்திருப்பது இரண்டே மணி நேரம். பிள்ளைகள் வலி அளவுகோல்களை எல்லாம் ஒப்பிப்பார்கள். வார்டுக்குப் போனால் ‘வலி இருக்கிறது, டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள்.

போன வாரம் வார்டில் ஒரு அம்மா, கருப்பைவாய்ப் புற்றுநோய். “தொடையெல்லாம் தீ வெச்ச மாதிரி எரியுது, ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். சீனியர் ஸ்டாஃப் ஒருவர், “இப்பத்தானே போட்டோம், ஊசிக்குப் பழகிடுச்சு, சும்மா கத்தும்” என்று சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் ‘வலி ++’ என்று மட்டும் இருந்தது. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி, “மேடம், அந்த அம்மா பொய் சொல்றாங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை, பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன்.

அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் பற்றிச் சொல்லலாமா என்றும் தயக்கம். எங்கள் மருந்தியல் ஆசிரியர், “அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு ஜனங்கள் அடிமையானது தெரியாதா, பிள்ளைகள் மனதில் அதை ஏற்றாதீர்கள்” என்கிறார். படிக்காத நோயாளிகளிடம் ‘பூஜ்யம் முதல் பத்துக்குள் எவ்வளவு’ என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதை எப்படித்தான் கற்பிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவி கேட்டதுதான் பாடம். மற்றதெல்லாம் அதற்கு உரை. அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியையே கரும்பலகையில் எழுதி அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்கு வராத பதில் உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968இலேயே சொல்லிவிட்டார்: வலி என்பது அதை அனுபவிப்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான், எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது. இதைச் சொன்னது டாக்டர் அல்ல, ஒரு நர்ஸ் என்பதைப் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்லுங்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தன் 1979 வரையறையை 2020இல் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதைக் குறிப்பாகவே சேர்த்தது. வாயால் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதும் அந்தக் குறிப்புகளில் உண்டு.

யாருமே பொய் சொல்வதில்லையா? சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது, ஏமாந்திருக்கிறேன். ஆனால் நம்பி ஏமாந்ததால் ஆன நஷ்டத்தையும் நம்பாமல் போனதால் ஆன நஷ்டத்தையும் எடை போட்டால் இரண்டாவது எங்கேயோ இருக்கிறது. ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். பைக்கிலிருந்து விழுந்த பையன், பத்தொன்பது வயது, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருந்தோம். இரவு பன்னிரண்டுக்கு வலி ஊசி போட்டாயிற்று. ஒன்றரைக்கு வார்டிலிருந்து போன்: “சார், அந்தப் பையனுக்கு வலி இருக்கு.” இரண்டரைக்கு மறுபடி: “வலி இருக்கு சார்.” மூன்றாவது முறை நான் படுத்தபடியே, “சின்னப் பையன், பயந்து போயிருக்கான், இன்னொரு ஊசி போட்டுவிடுங்க சிஸ்டர்” என்றேன். காலையில் யூனிட் சீஃப் வந்து அவன் கால் கட்டை விரலை லேசாகப் பிடித்து மேலே வளைத்தார். பையன் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. மாவுக்கட்டுக்குள் தசை வீங்கி, தன் ரத்த ஓட்டத்தையே நெரித்துக்கொண்டிருந்தது. “நாடி கிடைக்குது சார்” என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாடி கடைசியில்தான் போகும். வலிதான் முதலில் வரும். மாவுக்கட்டை வெட்டி, தியேட்டருக்குக் கொண்டு போய், சதை உறையைக் கிழித்து விட்டார்கள். கால் தப்பியது. ஆனால் பாதம் தொங்கிவிட்டது, இழுத்து இழுத்துத்தான் நடந்து போனான்.

ஊசி போட்டும் குறையாத வலி ஒரு செய்தி. நான் அதைத் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கதையை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். அந்த வகுப்பில் பதில் சொல்லாமல் நகர்ந்ததையே சொல்லலாம். ஆசிரியர் தன் தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்கும் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதில்லை.

இனி உங்கள் இரண்டு மணி நேரத்துக்கு வருவோம்.

முதல் மணி நேரத்தில் ஸ்லைடு வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுங்கள். ‘எனக்கு வந்ததிலேயே மோசமான வலி’, அதைத் தமிழில், வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். பல் வலி வரும், காது வலி வரும். உங்கள் வகுப்பில் பெரும்பாலும் பெண்கள், அதனால் பாதித் தாள்களில் மாதவிடாய் வலி இருக்கும். ‘யாரிடம் சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள்?’ என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘எல்லா பொம்பளைக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ’ என்ற வரி எத்தனை தாளில் வருகிறது என்று எண்ணுங்கள். வலியை நம்ப மறுப்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது.

அப்புறம் அந்தத் தாள்களில் இருக்கும் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, பிசையுது, முறுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு இழுக்குது, மதமதன்னு இருக்கு, ஷாக் அடிச்ச மாதிரி பாயுது. மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் 1975இல் வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி மெக்கில் வினாப்பட்டியலை உருவாக்கினார். நம் ஊர்ப் பாட்டிகளிடம் அதற்குச் சளைக்காத அகராதி இருக்கிறது. நாம்தான் அத்தனையையும் ‘பெயின்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு நிற்கிறோம்.

இந்தச் சொற்களைப் பிரித்து அடுக்கினால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். பிசையுது, முறுக்குது என்று விட்டு விட்டு வருவதாகச் சொன்னால் குடல், கருப்பை, சிறுநீர்க்குழாய் மாதிரி குழாயுள்ள உறுப்பு ஏதோ இறுகுகிறது. விண்ணு விண்ணென்று தெறிக்கிறது என்றால் சீழ் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி ‘இங்கதான், அசைஞ்சா குத்துது’ என்றால் எலும்போ மூட்டோ புண்ணோ. எரியுது, ஷாக் அடிக்குது, மதமதன்னு இருக்கு, துணி பட்டாலே கூசுது என்றால் அது நரம்பின் மொழி.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். அந்த அம்மா என்ன சொன்னார்? ‘தொடையெல்லாம் தீ வெச்ச மாதிரி எரியுது.’ கருப்பைவாய்ப் புற்று இடுப்புக்குள் பரவி, காலுக்குப் போகும் நரம்புப் பின்னலை அழுத்தும்போது வருகிற வலியைப் புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. அவருக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டிக்ளோஃபெனாக்காகவோ டிராமடாலாகவோ இருக்கும் என்பது என் ஊகம். நரம்பு எரிச்சலை டிக்ளோஃபெனாக் பெரிதாகத் தொடாது. அப்படியானால் அவர் மறுபடி மறுபடி கேட்டது ஊசிக்குப் பழகியதால் அல்ல, ஊசி வேலை செய்யாததால். ‘வலி ++’ என்று எழுதியபோது அந்த ‘எரியுது’ காணாமல் போய்விட்டது. அதோடு அவருக்கு வேண்டிய மருந்தும் காணாமல் போய்விட்டது. நோயாளி சொன்ன தமிழ்ச் சொல்லை அப்படியே மேற்கோளில் எழுத வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். கேஸ் ஷீட்டில் ‘எரியுது’ என்று தமிழில் எழுதியதற்காக எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

எண் கேட்டால் விழிக்கிறார்கள் என்றீர்கள். ஓ.பி.யில் உட்கார்ந்து பாருங்கள். “இப்ப எப்படி இருக்கு?” என்றால் “அம்பது பைசா பரவாயில்லைங்க” என்பார்கள். ரூபாய்க்கு இத்தனை பைசா என்று உடம்பை அளப்பது நம் ஜனங்களுக்குக் கைவந்த வித்தை. “வலி முழு ரூபாயா இருந்துச்சுன்னா, இப்ப எத்தனை பைசா இருக்கும்மா?” என்று கேளுங்கள். எழுபது பைசா என்றால் ஏழு என்று குறித்துக்கொள்ளலாம். வயதானவர்கள் அணாக் கணக்கில் சொன்னால் பதினாறால் வகுத்துப் பத்தால் பெருக்கிக்கொள்ளட்டும், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது கஷ்டமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் ‘பைசா’ சொல்லும்போது சிலர் வலியை அளக்கிறார்கள், சிலர் குணமானதை அளக்கிறார்கள். ‘அம்பது பைசா பரவாயில்லை’ என்றால் பாதி குறைந்திருக்கிறது. ‘எம்பது பைசா’ என்று மட்டும் சொன்னால் எது எண்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நானே இதில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது. ராத்திரி தூங்கினீங்களா, திரும்பிப் படுக்க முடியுதா, சோறு இறங்குதா, பாத்ரூம் வரைக்கும் நடந்தீங்களா? வயிற்று அறுவை ஆனவரிடம் “ஒரு தரம் இருமிக் காட்டுங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது ‘பரவாயில்லைங்க’ என்பவர், இருமச் சொன்னால் தையலைக் கையால் பொத்திக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஒரு செருமல் செருமுவார். சளி உள்ளேயே தங்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். அந்தப் ‘பரவாயில்லை’யை அப்படியே நம்பியதற்கு விலை நிமோனியா. இன்னொன்று, ரவுண்ட்ஸில் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது நம் நோயாளிகள் ‘பரவாயில்லைங்க’ தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். மரியாதை. தனியாகப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை வரும்.

இரண்டாவது மணி நேரத்தை வகுப்பறையில் செலவழிக்காதீர்கள். கிளினிக்கல் போஸ்டிங்கோடு இணைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு நோயாளி, ஒரு தாள். இடது பக்கம்: எங்கே, எப்படி (அவர் சொன்ன சொல்), எத்தனை பைசா, எதைச் செய்ய முடியவில்லை, என்ன மருந்து, எத்தனை மணிக்கு. வலது பக்கம் அதே கேள்விகளுக்குக் காலி இடம். ரத்தக்குழாயில் போன ஊசியென்றால் அரை மணிக்குள், மாத்திரையென்றால் ஒரு மணி நேரம் கழித்து, அதே பிள்ளை அதே கட்டிலுக்குத் திரும்பிப் போய் வலது பக்கத்தை நிரப்ப வேண்டும். மார்க் வலது பக்கத்துக்குத்தான். இடது பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வலது பக்கம் காலியென்றால் பூஜ்யம்.

ஏன் இவ்வளவு கறார்? ஊசி போட்டு, கையெழுத்து வைத்து, டிரேயைக் கொண்டுபோய் வைப்பதோடு வேலை முடிந்தது என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் மறுபடி தெர்மாமீட்டர் வைக்கிறோம். பி.பி. மாத்திரை கொடுத்தால் மறுபடி பி.பி. பார்க்கிறோம். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, நோயாளி கத்தவில்லையென்றால் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். சோர்ந்து போனவரும் கத்த மாட்டார். திட்டு வாங்கியவரும் கத்த மாட்டார்.

திரும்பிப் போய்க் கேட்கிற பிள்ளைக்கு ஒரு வாரத்தில் தானாகவே இன்னொன்று புரியும்: எஸ்.ஓ.எஸ்., அதாவது ‘தேவைப்பட்டால் மட்டும்’, என்று எழுதிய மருந்து எப்படி ஓடுகிறது என்பது. நோயாளிக்கு வலி வர வேண்டும், அவர் கேட்க வேண்டும், அட்டெண்டர் ஓடி வந்து சொல்ல வேண்டும், ஸ்டாஃப் டாக்டரைக் கேட்க வேண்டும், பீரோ சாவி வர வேண்டும். ஊசி உள்ளே போகும்போது வலி உச்சிக்கு ஏறிவிட்டது. உச்சிக்கு ஏறிய வலியை இறக்க அதிக மருந்து வேண்டும். அடுத்த முறை அவர் வலி வருவதற்கு முன்பே கேட்க ஆரம்பிப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். உடனே ‘பழகிடுச்சு’ என்கிறோம். பழக்கியது நம் எஸ்.ஓ.எஸ். நாள் முழுக்க இருக்கும் புற்றுநோய் வலிக்கு மருந்தைக் கடிகாரப்படி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரப்படி, ஆளுக்கு ஏற்றபடி, சின்னச் சின்ன விவரங்களையும் கவனித்து. 2018இல் வழிகாட்டுதலைத் திருத்தியபோதும் இந்த நான்கையும் விடவில்லை.

போனில் பேசுவதற்கும் ஒரு பயிற்சி கொடுங்கள், பத்து நிமிஷம் போதும். ஒருத்தி ஸ்டாஃப், ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர். “வலி இருக்கு சார்” என்றால் டாக்டர் என்ன சொல்வார் என்பதற்கு நானே சாட்சி. அதையே இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: “சார், எட்டாம் நம்பர் பெட், கால் முறிவு, மாவுக்கட்டு. பன்னிரண்டுக்கு டிராமடால் போட்டோம். அரை மணி கழிச்சுக் கேட்டேன், எம்பது பைசா வலி அப்படியே இருக்கு, ஒரு பைசா குறையல. விரலை அசைச்சா அலறான். கட்டு இறுக்குதுன்னு சொல்றான். நீங்க வந்து பார்க்கணும்.” அன்றைக்கு யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நானும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

பேச முடியாதவர்களுக்குப் போதிக்கப் புதன்கிழமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். முகம், கால், அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா என்ற ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் போடும் ஃபிளாக் அளவுகோல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. 10, 14 வாரத் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகள் தோதாக இருப்பார்கள். அம்மா பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்ட குழந்தைக்கும், தூக்கிப் பிடித்துப் போட்ட குழந்தைக்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அங்கே ஆனந்தின் கதையைச் சொல்லலாம். 1980கள் வரைக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையில் வலி மருந்து பெரும்பாலும் பெயருக்குத்தான். அசையாமல் இருக்கத் தசை தளர்த்தும் மருந்து, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, அவ்வளவுதான். நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலி தெரியாது என்று நம்பினார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஃபெண்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு உடம்பின் அதிர்ச்சி ஹார்மோன்களும் குறைவு, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவு. 1987இல் அது வெளிவந்த பிறகுதான் உலகம் வழிக்கு வந்தது. கெட்டிக்காரர்கள் நிறைந்த ஒரு துறையே வலியை நம்ப மறுத்து இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. உங்கள் சீனியர் ஸ்டாஃப் மேல் ரொம்பக் கோபப்படாமல் இருக்க இது உதவும்.

மார்ஃபினுக்கு வருகிறேன். உங்கள் மருந்தியல் ஆசிரியர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்லும் கதை உண்மை, அதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி.

1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்து வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் போதை வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கே அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்றது. வார்டுக்குள், கண்காணிப்பில், சில நாள் மருந்து பெற்றவர்கள் அவர்கள். 2017இல் அதே இதழ் அந்தக் கடிதத்தின் ஜாதகத்தை வெளியிட்டது: 608 முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அப்படிக் காட்டியவர்களில் ஐந்தில் நான்கு பேர், மருந்து பெற்றவர்கள் உள்நோயாளிகள் என்பதைச் சொல்லவேயில்லை. அதைக் காட்டி முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் மாதக்கணக்கில் மாத்திரை எழுதினார்கள். 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற போதை வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமைத்தன அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதை 2007இல் அந்தக் கம்பெனியே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இதே காலத்தில்தான் அங்கே நாடி, மூச்சு, காய்ச்சல், பி.பி.யோடு சேர்த்து அளக்க வேண்டிய ‘ஐந்தாவது உயிர்க்குறி’யாக வலியை ஆக்கினார்கள். எண் ஏழு என்றால் மாத்திரை, எட்டு என்றால் பெரிய மாத்திரை. எண்ணோடு நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் கதை தலைகீழ். 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கணக்கில் ஒரு மாத்திரை தவறினால் பத்தாண்டு ஜெயில் என்று பயந்து மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைகழுவின. ஆண்டுக்கு 500 கிலோவுக்கு மேல் போய்க்கொண்டிருந்த மருத்துவப் பயன்பாடு 1997இல் 20 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. சட்டபூர்வமாக அபின் விளைவித்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இது! கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு இருந்தவர்களும் வருஷக்கணக்கில் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இன்று மார்ஃபின் வாங்கி வைக்கலாம். சட்டம் மாறி இத்தனை வருஷமாகியும் பயம் மாறாததற்குக் காரணம், பாடம் மாறாததுதான். அமெரிக்காக்காரன் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு அஜீரணம் வந்ததைச் சொல்லி, பட்டினி கிடப்பவன் இலையை எடுத்துவிட முடியாது.

பிள்ளைகளுக்கு மூன்று சொற்களின் வித்தியாசம் தெரிந்தால் போதும். நாளடைவில் அதே அளவு மருந்துக்குப் பலன் குறைவது ஒன்று. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறுவது இன்னொன்று. ஸ்டீராய்டு மாத்திரையையும்தான் திடீரென்று நிறுத்த முடியாது, அவரை ‘ஸ்டீராய்டு அடிமை’ என்கிறோமா? கேடு வருகிறது என்று தெரிந்தும், வலி இல்லாதபோதும், அதைத் தேடி அலைவது மூன்றாவது. அதுதான் அடிமைத்தனம். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவது முத்திரையைக் குத்துகிறோம். அப்புறம் மூச்சு நின்றுவிடுமே என்ற பயம். வாய்வழி மார்ஃபினைக் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றும்போது, மூச்சு மந்தமாவதற்கு முன் தூக்கக் கலக்கம் வரும். தட்டினால் எழுந்து பேசுகிறாரா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்க்கத் தெரிந்த நர்ஸ் இருக்கும் வார்டில் அது பத்திரமான மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் கூடுதல் கவனம். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதனால் மார்ஃபின் எழுதும்போதே பேதி மாத்திரையும் எழுதியாக வேண்டும். அதை எழுத மறந்த டாக்டருக்கு நினைவூட்டுவது நர்ஸின் வேலை என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

அந்த சீனியர் ஸ்டாஃப். ஒரு இரவில் எத்தனை கட்டிலை அவர் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். போதை மருந்து பீரோவுக்கு இரட்டைப் பூட்டு, ரிஜிஸ்டர், காலி ஆம்பூல் கணக்கு, இரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தால் விசாரணை அவருக்குத்தான், டாக்டருக்கு அல்ல. வருஷக்கணக்காகக் கேட்கும் அலறல்களுக்கு நடுவே தூங்கி எழ ஒரு தோல் தடிக்கத்தான் செய்யும். மாணவிகள் முன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள், அதனால் அவரும் திருந்த மாட்டார், பிள்ளைகளும் அந்த வார்டில் நிம்மதியாக இருக்க முடியாது. வலது பக்கம் நிரப்பிய தாள்களை ஒரு வாரம் சேர்த்துக் கொண்டுபோய், “அக்கா, இந்த ஆறு பேருக்கும் ஊசிக்கு அப்புறமும் குறையவே இல்லை, ஏன்னு பிள்ளைங்க கேக்குது, நீங்களே சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். அனுபவஸ்தர்கள் பாடம் எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள், பல சமயம் நம்மைவிட நன்றாகவே.

பரீட்சையைப் பற்றி ஒரு வரி: செய்முறைத் தேர்வில் வலிக்கு ஒரு கட்டில் ஒதுக்க உங்கள் முதல்வரைக் கேளுங்கள். மார்க் இல்லாததை யாரும் படிக்க மாட்டார்கள், நானும் படித்ததில்லை.

உண்மையில் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது ஒன்று. அந்த அம்மா இன்னும் வார்டில் இருந்தால், பாடத்திட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியையே அழைத்துக்கொண்டு நாளைக் காலையில் அவரிடம் போங்கள். எரிச்சல் எந்த வழியாக இறங்குகிறது என்று அவர் விரலாலேயே வரைந்து காட்டச் சொல்லுங்கள். கால் பலம் குறைந்திருக்கிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் அது அன்றைக்கே டாக்டருக்குப் போக வேண்டிய செய்தி. பிறகு அவரைப் பார்க்கும் டாக்டரிடம் மாணவி சொல்லட்டும்: “தொடையில் எரியுதுங்கிறாங்க சார், நரம்பு வலி மாதிரி இருக்கு. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலினோ, கபாபென்டினோ யோசிக்கலாமா? மார்ஃபின் தேவைப்படுமா?” உங்கள் மருத்துவமனையில் மார்ஃபின் இல்லையென்றால் பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற இடம் எது என்று மாவட்ட வலி நிவாரணப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் நர்ஸிடம் அவர் முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

மருந்து மாற்றிய அன்று சாயங்காலம் அந்த மாணவி திரும்பிப் போய்க் கேட்கட்டும். எத்தனை பைசா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்